ஊரே பூட்டுத் திறக்கப் போன மத்தியானம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தாதியருக்குப் பயனுள்ளதாக ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தோட்டத்து மருத்துவச்சியிடம் அப்படி என்ன பயன் மிச்சமிருக்கும் என்று நினைத்தார்களோ தெரியவில்லை. உங்களிடம் ஸ்கேன் இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது, கூப்பிட்டால் எடுக்கிற போன் இருக்கிறது. என்னிடம் இருந்தது இரண்டு கைகள். அந்த இரண்டையும் எப்போது சும்மா வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் கற்ற வித்தை. சும்மா இருப்பதற்கா சம்பளம் வாங்கினாய் என்று கேட்டால், ஆமாம், அதற்கும்தான் வாங்கினேன்.

இந்த உலகத்துக்குத் தலைகீழாக வருவதுதான் முறை. பெரும்பாலான பிள்ளைகள் அந்த முறையை மதித்துத் தலையைக் கீழே வைத்துத்தான் வருகின்றன. சில பிள்ளைகள் மட்டும் நமக்கு முதலில் பின்பக்கத்தைக் காட்டும். வரப்போகிற இடத்தைப் பற்றி அவற்றுக்கு யாரோ முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தேன். கல்யாணமாகாத, இருபதுகளில் இருந்த பெண். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் என்னை மிஸ்ஸி என்பார்கள். எனக்கு மேலே, மருந்து கொடுக்கிற டிரஸர் ஐயா. டிஸ்பென்சரி அவருடைய ராஜ்யம். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே வெள்ளைத் தண்ணீரைத்தான் கொடுப்பார், ஆனால் தலைவலிக்காரரை நன்றாகக் குலுக்கிக் குடிக்கச் சொல்வார். பஞ்சைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பஞ்சுத் திருடர்கள் அந்த மலையில் அவ்வளவு பேர் இருந்தார்கள் போலும்.

அஞ்சலை என்று ஒரு பெண். கொழுந்து எடுக்கிறவள். நான் அங்கே வேலைக்கு வருவதற்கு முன்னால் அவளுக்கு முதல் பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. அதற்குப் பிறகு மாமியார் மாரியாயி அவளுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு போடச் சொல்ல வேண்டுமென்றாலும் மகனிடம் சொல்வார், மகன் அவளிடம் சொல்வான். மகனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று லயத்தில் பேச்சு. லயத்தில் பேச்சுக்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது? ஆனால் அஞ்சலை அதை நம்பினாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஒருநாள் நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இதுவும் தங்கலைன்னா நான் அந்த வீட்ல இருக்க முடியாது மிஸ்ஸி. எங்க போறதுன்னும் எனக்குத் தெரியல."

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொன்னேன். அந்த வேலையில் அது ஒரு நாளைக்குப் பல தடவை சொல்ல வேண்டிய வாக்கியம்.

கடைசி மாதத்தில் வெளியிலிருந்து வரும் டாக்டர் அவளைப் பார்த்தார். அது மழைமாதம். மலைக்குளிர் உங்களுக்குத் தெரியும். பெண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். கழற்றச் சொன்னால் அவர்களுக்குக் கூச்சம், காத்திருந்தால் டாக்டருக்கு நேரம் போகும். ஆகவே இரண்டு ஸ்வெட்டருக்கும் ஒரு கைலிக்கும் மேலாகத் தடவிப் பார்த்து, "தலை கீழே இருக்கு" என்று அறிவித்தார். டாக்டர் கண்டுபிடித்த தலையை மறுபடி தேடுவது அந்தக் காலத்தில் மரியாதைக் குறைவு. டிரஸர் ஐயா அதையே பதிந்தார். தலை கீழே என்று முடிவாயிற்று. பிள்ளையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், தூறலும் மூடுபனியுமாக இருந்த நேரத்தில், அஞ்சலையின் புருஷன் ஓடி வந்தான். வலி காலையிலேயே வந்துவிட்டதாம், மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்தாளாம். நான் போய்க் கையுறை போட்டுப் பார்த்தபோது கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை. மெத்தென்று இருந்தது. நடுவில் ஒரு பிளவு. விரலில் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. நான் படித்த வரைக்கும் தலையில் பிளவு இருக்காது, தலை வெளிக்குப் போகாது.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். முகத்தில் மட்டும் காட்டவில்லை. உங்களுக்குச் சொல்லித்தராத பாடங்களில் அதுவும் ஒன்று: பயப்படலாம், முகத்துக்குத் தெரியாமல் பயப்பட வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு ஒரு சிஸ்டர் இருந்தார். இப்படிப்பட்ட பிரசவம் வந்தால் எங்களைக் கட்டிலைச் சுற்றி முக்காலியில் உட்காரவைத்து, அவரவர் கைமேல் அவரவரை உட்காரச் சொல்வார். அவரும் தன் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நிற்பார். இழுத்தால் பிள்ளையின் கைகள் மேலே போய்விடும், மோவாய் நிமிர்ந்துகொள்ளும், உடம்பு வெளியே வந்தும் தலை வராது என்பதுதான் அவர் பாடம். தானாக இறங்குகிறவரை தொடாதே. எங்களுக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. வெறும் கையோடு நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அன்றைக்கு அந்த லயத்து வீட்டில்தான் புரிந்தது.

டிரஸர் ஐயா குடையோடு வந்து சேர்ந்தார். வாசலில் நின்றே உத்தரவு பிறந்தது.

"லோரிக்குச் சொல்லியாச்சு. ஏத்தி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்."

"பின்பக்கம் வாசலுக்கே வந்துடுச்சுங்கய்யா. ரோட்டுலயே பொறந்துடும்."

"ரோட்டுல பொறந்தா ரோட்டோட பொறுப்பு லா. இங்க பொறந்தா நம்ம பொறுப்பு."

இதைவிடத் தெளிவாக நிர்வாகத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஆனால் அவர் பயத்திலும் ஒரு நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உண்டு, இரத்தம் உண்டு. வலி தொடங்கிய காலை நேரமாக இருந்தால் நானே ஏற்றி அனுப்பியிருப்பேன். இப்போது ஏற்றினால், கொழுந்து லோரியின் ஈரத் தகரத்தில், ஏதோ ஒரு வளைவில், பாதிப் பிள்ளை வெளியே பாதிப் பிள்ளை உள்ளே என்று நிற்கும். பிடித்துக்கொள்ளத் தார்ப்பாய் மட்டும்தான் இருக்கும்.

"இங்கயே பாத்துக்குறேங்கய்யா" என்றேன்.

அவர் குடையை மடக்கினார். திரும்பி, கூடியிருந்த சனத்தைப் பார்த்து, "எல்லாரும் கேட்டுக்குங்க. மிஸ்ஸிதான் பொறுப்பு" என்றார். எனக்கு மாலை போடாததுதான் குறை.

அதற்குள் அறைக்குள் பெண்கள் நிறைந்துவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. ஒருத்தி எண்ணெய் என்றாள், ஒருத்தி சுடுதண்ணீர் என்றாள், ஒருத்தி வெறுமனே "ஐயோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே மாரியாயியின் குரல்.

"என்னா மிஸ்ஸி, பாத்துகிட்டே நிக்கிற? இழுக்க மாட்டியா?"

"இழுக்கக்கூடாதுங்க பெரியம்மா."

"இவ படிச்ச படிப்புக்கு வேடிக்க பாக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? நீ தள்ளு, நான் இழுக்குறேன்."

நான் நகரவில்லை. உடனே அவர் வேறு வேலையில் இறங்கினார். பிரசவம் கஷ்டமானால் வீட்டில் பூட்டு, முடிச்சு, மூடி எதுவும் இருக்கக்கூடாது என்பது அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம். அஞ்சலையின் கொண்டையை அவிழ்த்தார். வந்திருந்த பெண்களின் கொண்டைகளை அவிழ்க்கச் சொன்னார். அரிசி டின்னின் மூடி போயிற்று, சட்டிகளின் மூடி போயிற்று, துணிக்கொடியின் முடிச்சுகூடப் போயிற்று. எனக்கு அதில் ஆட்சேபணையே இல்லை. அடுத்தது ஜன்னலையும் முன்கதவையும் பின்கதவையும் ஒரேயடியாகத் திறந்தார்கள்.

அங்கேதான் எனக்கு ஆபத்து தெரிந்தது. சேலம் வெயிலில் பிறந்த வழக்கம் அது. அங்கே கதவைத் திறந்தால் காற்று வரும். இங்கே கதவைத் திறந்தால் மேகமே வீட்டுக்குள் வந்து உட்காரும். உடம்பு வெளியே வந்து தலை உள்ளே இருக்கிற பிள்ளையின் மேல் குளிர் பட்டால், திடுக்கிட்டு மூச்சை இழுக்கும். உள்ளே இழுக்க அங்கே காற்றா இருக்கிறது? அப்படியே மூச்சடைத்துப் போய்விடும்.

"கதவ மூடுங்க" என்று கத்தினேன்.

"கதவ மூடுனா புள்ளைக்கு வழி எப்படித் தெரியும்?" என்றார் மாரியாயி.

அவரோடு சண்டை போட்டிருக்கலாம். குளிர், மூச்சு, நுரையீரல் என்று வகுப்பு எடுத்திருக்கலாம். படித்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வோம். வகுப்பு முடிவதற்குள் பிள்ளை போய்விடும், ஆனால் சொன்னது சரி என்ற திருப்தி நமக்கு மிஞ்சும். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வலி வந்துகொண்டிருந்தது.

"பெரியம்மா, இந்த வீட்டத் தொறந்தா மட்டும் போதுமா?" என்று கேட்டேன். "தோட்டத்துல இன்னும் எத்தன பூட்டு தொங்குது. ஸ்டோரு பூட்டிக் கெடக்கு. புள்ளைங்கள விடுற ஆயாக் கொட்டகையோட கேட்டு பூட்டிக் கெடக்கு. டிஸ்பென்சரில அலமாரி அலமாரியா பூட்டிக் கெடக்கு."

எல்லாத் தலைகளும் டிரஸர் ஐயாவின் இடுப்பை நோக்கித் திரும்பின.

"எல்லாரும் போயி அதத் தொறங்க. போறப்ப இந்தக் கதவ மட்டும் சாத்திட்டுப் போங்க. தாழ்ப்பாள் போட வேணாம். சும்மா சாத்துறது பூட்டு கணக்குல வராது."

மாரியாயி யோசித்தார். தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். "பூட்டாம சாத்துனா தோசமில்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

"என்னா இது, இந்தக் காலத்துல போயி மூடநம்பிக்கை" என்று டிரஸர் ஐயா ஆரம்பித்தார். முடிக்கவில்லை. தலைவிரி கோலமாகப் பத்துப் பதினைந்து பெண்கள் சுற்றி நின்று சாவி கேட்டால், விஞ்ஞானம் சற்று வழிவிட்டுத்தான் போகும். அவரை முன்னால் விட்டு ஊர்வலம் கிளம்பியது. புருஷனையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கதவு இரண்டும் சாத்தியாயிற்று. ஜன்னலை நானே சாத்தினேன். அடுப்புப் பக்கத்தில் காய்ந்த துண்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அஞ்சலையைக் கட்டிலின் ஓரத்துக்கு இழுத்து உட்கார்த்தினேன்.

"என்னா பண்ணப் போறீங்க மிஸ்ஸி?"

"நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. நீதான் பண்ணப் போற."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான். முக்கு."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. ஆனால் அவள் லேசாகச் சிரித்தாள். பிறகு முக்கினாள். என் விரல்களை நானே கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்பக்கம் மெல்ல இறங்கியது. ஒரு கால் வழுக்கி விழுந்தது, அப்புறம் மற்றது. தொப்புள் தெரிந்தது, கொடி துடித்துக்கொண்டிருந்தது. சூடான துண்டால் சுற்றினேன், இழுக்கவில்லை. முதுகு மேல்பக்கம் இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொண்டேன். தோள் ஒன்று, கை ஒன்று, இன்னொன்று. எல்லாம் ஒழுங்காக வந்தது. பெண் பிள்ளை. தலையைத் தவிர முழுப் பிள்ளையும் என் கண்முன்னால் தொங்கியது.

அங்கே நின்றுவிட்டது.

கழுத்து மயிர் தெரிய வேண்டும், தெரியவில்லை. அஞ்சலைக்கு வலி ஓய்ந்துவிட்டது, முக்கினாலும் பலம் இல்லை. கொடியின் துடிப்பு என் விரலுக்குள் மெலிந்துகொண்டே போயிற்று. மேலேயிருந்து அடிவயிற்றை யாராவது அமுக்கினால் தலை மடங்கி இறங்கும். என் கைகள் இரண்டும் பிள்ளையிடம் இருந்தன. அமுக்க ஒரு ஆள் வேண்டும். மொத்தத் தோட்டத்தையும் நான்தான் மிகவும் சாமர்த்தியமாக வெளியே அனுப்பியிருந்தேன்.

சாமி பெயரெல்லாம் சொன்னேன். எந்தச் சாமி என்று பார்த்துச் சொல்லவில்லை.

அப்போது கதவு திறந்தது. மாரியாயி மூச்சிரைக்க நின்றார். "எல்லாம் தொறந்தாச்சு மிஸ்ஸி" என்று தொடங்கியவர், தலையில்லாமல் தொங்கும் பேத்தியைப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பிள்ளையை நோக்கிப் பாய்ந்தார்.

"இழுத்தீங்கன்னா செத்துரும்" என்றேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். "கதவச் சாத்துங்க. இங்க வாங்க. அவ அடிவயித்துல, எலும்புக்கு மேல, இந்த எடத்துல கைய வைங்க. கீழாக்குல அமுக்குங்க. விடாதீங்க."

வைத்தார். முதலில் பூவைத் தொடுவது மாதிரி தொட்டார். "அமுக்குங்க" என்றேன். அதன் பிறகு அமுக்கினார் பாருங்கள், கவாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் பிடித்துக் காய்த்துப்போன கை அது. உள்ளே தலை மடங்குவது என் விரல்களுக்குத் தெரிந்தது. கழுத்து மயிர் வந்தது. கன்ன எலும்பில் இரண்டு விரல் வைத்து, உடம்பை மெல்ல மேலே தூக்கினேன். மோவாய். வாய். மூக்கு. நெற்றி. கடைசியில் முழுத் தலையும்.

பிள்ளை வெளுத்துத் துவண்டு கிடந்தது. வாயைத் துடைத்து, குழாயால் உறிஞ்சி, துண்டால் முதுகைத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும் தேய்த்தேன். அஞ்சலை மேலே கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் காத்திருந்திருப்பாள். வாயோடு வாய் வைத்து ஊதினேன். மறுபடி ஊதினேன். பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் வந்தது. அதற்குப் பிறகு அழுகை. அப்படி ஒரு கோபமான அழுகை. இரண்டு ஸ்வெட்டருக்கும் சேர்த்து அழுதது. நானும் அழுதேன். அதைப் பயிற்சியில் செய்யக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

வெளியே நிலவரம் வேறு. திறந்துவிட்ட பட்டியிலிருந்து ஆடுகள் தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவுக்குப் போய் ரோஜாச் செடிகளைப் பார்வையிட்டிருந்தன. கியா பார்ம் சந்தைக்குப் போகிற வழியில் நின்றிருந்த யாருடைய முட்டைக்கோஸ் லோரியிலோ தார்ப்பாய்க் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார்கள்; கோசுகள் சரிவில் உருண்டு போயின. ஸ்டோரை யார் உத்தரவில் திறந்தீர்கள் என்று துரை கேட்டாராம். "பிரசவம் சார்" என்றாராம் கிராணி, தோட்டத்துக் குமாஸ்தா. துரைக்கு மேற்கொண்டு கேட்கத் தெரியவில்லை.

டிரஸர் ஐயாவோ, கடைசி அலமாரியை அவர் திறந்த அதே நொடியில் பிள்ளை அழுத சத்தம் கேட்டதாகப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் யாருக்கு வலி வந்தாலும் சனம் முதலில் அவரிடம் சாவி கேட்கப் போகும். என் பிரசவ அறைகள் எல்லாம் கூட்டமில்லாமல் அமைதியாக இருக்கும். சுற்றி நிற்கிறவர்களைத் துரத்தாதீர்கள்; கெடுதல் செய்ய முடியாத வேலை ஒன்றைக் கொடுங்கள். ஒரே ஒருவரைக் கூப்பிடுகிற தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை, அதிர்ஷ்டம் வைத்தது. அதிர்ஷ்டத்தை உங்கள் பணிப்பட்டியலில் போட முடியாது. இந்தக் காலத்தில் நீங்கள் இதைத் தனியாகச் செய்து பார்க்கவும் வேண்டாம், போனை எடுங்கள்.

இத்துடன் முடித்திருந்தால் நான் மிகவும் கெட்டிக்காரி என்று நீங்கள் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். சில நாள் கழித்துத் தாயையும் பிள்ளையையும் பார்க்கப் போனேன். அஞ்சலை கட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாரியாயி அடுப்படியில், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்தை இடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உலக்கையை வைத்துவிட்டு, பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மொத புள்ளைக்கு நாந்தான் எமன் மிஸ்ஸி."

"என்னா சொல்றீங்க?"

"அன்னிக்கும் எல்லாத்தையும் தொறந்தேன். எங்கம்மா குடுத்த டிரங்குப் பொட்டி ஒண்ணு கட்டிலுக்கு அடியில கெடந்துச்சி. பூட்டியிருந்தேன். மறந்துட்டேன். புள்ள செத்துப் பொறந்துச்சி. அவ மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பொட்டி ஞாபகம் வருது. எந்த வாயால அவகிட்டப் பேசுறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் இரண்டு வருடமாக இருந்த மௌனத்துக்கு லயம் முழுவதும் ஒரு காரணம் சொன்னது, நானும் அதையே நம்பினேன். பூட்டுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் என் தந்திரம் அம்பலமாகும். இனி எந்தப் பிரசவத்திலும் கூட்டம் வெளியே போகாது. சொல்லாவிட்டால் இந்த மனுஷி அந்தப் பெட்டியைச் சாகிறவரை சுமப்பார். லோரியில் அனுப்ப மாட்டேன் என்று அன்றைக்கு எடுத்த முடிவைவிட இது எனக்குக் கஷ்டமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

"பொட்டியால புள்ள சாகாதுங்க பெரியம்மா. பூட்டத் தொறந்ததால இந்தப் புள்ள பொழைக்கவும் இல்ல."

"அப்ப எதுக்குத் தோட்டத்தையே தொறக்கச் சொன்ன?"

"உங்களையெல்லாம் வெளிய அனுப்பத்தான். குளிரு உள்ள வராம இருக்கத்தான்."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப எது காப்பாத்துச்சி?"

"நீங்க அமுக்குனது. அதான் தலை எறங்குச்சி. எங்கிட்ட அன்னிக்கு வேற கை இல்ல."

மாரியாயி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காயம் இடித்த தூள் ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு வருசமா அந்தப் பொட்டியப் பூட்டவே இல்ல மிஸ்ஸி. எம்பொடவையெல்லாம் எலி தின்னுருச்சி" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

லயத்து வீடு எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். மெதுவாகப் பேசுவது அங்கே ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான். அஞ்சலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எழுந்து பிள்ளையோடு அடுப்படிக்கு வந்தாள். பிறந்ததிலிருந்து மாரியாயி அந்தப் பிள்ளையை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கைய நீட்டுங்கத்தே" என்றாள் அஞ்சலை.